வாசலில் பார்த்த நிறம்

சாலைக் கடைத்தெருவில் தங்கப்பன் பிள்ளையின் மேட்சிங் கடைக்கு ஒரு முறை உண்டு. சேலையோடு வருகிறவர்களுக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுப்பார். கல்லாவுக்கு மேலே எரியும் ட்யூப் லைட்டின் கீழே சேலை முந்தியையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக் கட்டைவிரலால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரி என்று பட்டாலும் அதோடு விடமாட்டார். இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு நடப்பார். வாங்க வந்தவரும் பின்னால் போகவேண்டும். தெரு வெளிச்சத்தில் விரித்துக் காட்டி, "நல்லா பாத்துக்கிடுங்க. வெளிச்சத்துல பாத்த துணிக்கு மாத்தம் கெடையாது" என்பார். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கத்தரி துணியின் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டும். மீதியைக் கை கிழிக்கும்.

வலியசாலையில் இருந்தும் கரமனையில் இருந்தும் பெண்கள் இந்தக் கடைக்கு நடந்து வருவது அந்தக் கிழிசல் சத்தத்தை நம்பித்தான். தங்கப்பன் பிள்ளை நாஞ்சில் நாட்டில் இருந்து இளம் வயதில் வந்து, மூட்டை பிரிக்கும் வேலை பார்த்து, பிறகு இந்தக் கடையைப் பிடித்தவர். கண் ஒன்றுதான் அவர் கொண்டுவந்த முதல்.

அவருடைய ஒரே மகள் திவ்யலட்சுமி பி.காம். முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தாள். அப்பாவின் கண் அவளுக்கு வாய்த்திருந்தது. மயில்கழுத்தில் எந்த இழை நீலம், எந்த இழை பச்சை என்று சொல்லிவிடுவாள். அவளுக்கும் அத்தை மகன் கிருஷ்ணகுமாருக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. அதில் பாதி வருஷங்கள் அவன் மஸ்கட்டில் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். போனில் அவன் குரலுக்கு முன்னால் ஒரு இரைச்சல் வரும். அந்த இரைச்சலைக் கேட்டாலே அவள் போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பாள்.

ஊர் வந்தவன் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு அதை விட்டுவிட்டு எல்.இ.டி. லைட் ஏஜென்சி எடுத்தான். இரண்டாயிரத்து எட்டில் அந்தப் பெயரே சாலைக் கடைத்தெருவில் பலருக்குப் புதிது. டார்ச்சிலும் கோயில் சீரியல் செட்டிலும் எரிகிற பொட்டு பல்பை வைத்து ஒரு கடையை எப்படி வெளிச்சமாக்குவது என்று கேட்டார்கள். அவன் கேட்டவர்களுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னான். மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா மகன் பிச்சுமணி இதற்கிடையில் ஒரு விசாவோடு காத்திருந்தான். "உன் லைட் எரியுதான்னு பாரு. எரியலன்னா கெளம்பி வா. ஆடி முடியதுக்குள்ள சொல்லிரணும்" என்று சொல்லியிருந்தான்.

சித்திரையில் விஷு கழிந்த மறுநாள் கிருஷ்ணகுமார் மாமனார் கடையில் ஏணி போட்டான்.

"மாமா, இதுல சோக் இல்ல, ஸ்டார்ட்டர் இல்ல. அந்திக்கு வோல்டேஜ் விழுந்தாலும் கண்ணு சிமிட்டாது. கரண்ட் பாதிதான் ஆகும். ஒங்க ட்யூப் ஒவ்வொண்ணுக்குள்ளயும் பாதரசம் கெடக்கு, தெரியுமா?"

"பாதரசம் அதுபாட்டுக்குக் கெடக்கட்டும் மாப்பிளே. நெறம் காட்டுமா?"

"பகல் மாதிரி காட்டும்."

அவன் வேலை செய்வதைப் பார்ப்பது தங்கப்பன் பிள்ளைக்குப் பிடிக்கும். சிவப்பு வயர், கறுப்பு வயர் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் டெஸ்டர் வைக்காமல் எதையும் தொடமாட்டான். "நிதானக்காரன். இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பையன் கெடைக்கணும்லா" என்று கடையில் வேலை பார்க்கும் சரோஜத்திடம் சொன்னார்.

சாயங்காலம் ட்யூப்கள் எல்லாம் இறங்கி மூலையில் சாய்ந்தன. புது லைட்டைப் போட்டதும் கடை திடீரென்று ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்தது. சரோஜம், "ஐயோ, என் முகத்துல ரெத்தம் இல்லாத மாதிரி இருக்கே சேச்சி" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

திவ்யலட்சுமி சுவரைப் பார்த்தாள். இடது சுவர் முழுக்கச் சிவப்பு வரிசை. ரத்தச் சிவப்பில் தொடங்கி, செங்கல், மாதுளை, அரக்கு என்று கீழே இறங்கும். அந்த வரிசை தண்ணீர் விட்ட குழம்புபோலச் செத்துக் கிடந்தது. அரக்குக்கும் காப்பிப்பொடி நிறத்துக்கும் நடுவே இருந்த எல்லை காணாமல் போயிருந்தது.

ஏணியின் உச்சியில் இருந்து கிருஷ்ணகுமார் கேட்டான். "எப்பிடி இருக்கு திவ்யா?"

நெற்றியில் வேர்வையும் தூசியுமாக அவன் சிரித்துக்கொண்டு நின்றான். முந்தின வெள்ளிக்கிழமை பிச்சுமணியின் போன் வந்திருந்தது. அந்த இரைச்சல் இன்னும் அவள் காதில் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மருமகன் சொன்ன பகலை நம்பித் தங்கப்பன் பிள்ளை வாசலுக்கு நடப்பதைக் குறைத்துக்கொண்டார். அதன் பிறகு அவளுக்கு நடைதான் வேலை.

கடைக்குப் பின்னால், உள்பாவாடைக் கட்டுகள் அடுக்கிய ஒடுக்கமான வழியில், ஒரே ஒரு பழைய ட்யூப் லைட் மிச்சம் இருந்தது. அந்த இடத்துக்குப் புது லைட் நீளம் அதிகம் என்று கிருஷ்ணகுமார் விட்டுவைத்திருந்தான். சிவப்பும் வாடாமல்லியும் கத்தரிப்பூவும் வரும்போதெல்லாம் திவ்யலட்சுமி "உள்ள ஸ்டாக் பாத்துட்டு வாறேன்" என்று துணியோடு அங்கே போவாள். அங்கே பார்த்து, திரும்பி வந்து, சந்தேகம் தீராவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லித் தெருவுக்கும் போவாள். பூக்காரியிடம் பேசுவதுபோல நின்று துணியைப் பார்ப்பாள். வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை தொடங்கிய பிறகு குடையும் சேர்ந்துகொண்டது. காலையில் கட்டின சேலையின் கொசுவம் மத்தியானத்துக்குள் சேறாகிவிடும்.

"சேச்சிக்கு உள்ள என்ன கோயிலா இருக்கு? அம்பது தடவ பிரதட்சணம்" என்று சரோஜம் ஒருநாள் கேட்டாள்.

"ஒனக்கு வேலை இல்லியா? ஃபால்ஸ் கட்டு பிரிச்சுப் போட்டது அப்பிடியே கெடக்கு."

"நான் ஒண்ணும் பறஞ்ஞில்லே" என்று மலையாளத்தில் பேச்சை முடித்துச் சரோஜம் குனிந்துகொண்டாள்.

வீடு வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா சரஸ்வதியம்மாள் உள்ளித்தீயல் குழம்பும் தேங்காய்ப்பூ போட்ட பயறுத் தோரனும் வைப்பாள். கிருஷ்ணகுமார் சம்பா சோற்றில் தீயலைக் குழைத்துக்கொண்டே பேசுவான்.

"ஒரு கம்ப்ளெயின்ட் உண்டா மாமா? உண்டான்னு கேக்கேன்."

"இல்ல மாப்பிளே. ஒண்ணுகூட திரும்பி வரல்ல. நானே நெனைக்கல்ல."

"மேட்சிங் கடையிலேயே நிக்குதுன்னா மத்த கடைக்கு என்ன? இன்னைக்கு பிச்சைக்கனி அண்ணாச்சிகிட்ட பேசிட்டேன். பாத்திரக்கடை முழுக்க மாத்தலாம்னு சொல்லிட்டாரு. அவரு மாத்தினா அந்த வரிசையே மாத்தும்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "பிச்சுமணிகிட்ட வரல்லன்னு சொல்லிரலாம் போல இருக்கு, கேட்டியா?"

இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாளும் நடந்தாள். ஆனால் கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற இந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது ஒரு துணியை எடுத்துப் பார்க்கத் தோன்றாதா? கல்யாணத்துக்கு அவள் கட்டியது அரக்குப் பட்டு. முதல் கல்யாண நாளில் போனில், "அந்தக் காப்பிக் கலர் பட்டைக் கட்டு திவ்யா" என்றான். காப்பிக் கலர். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு வேறு சேலை கட்டிக்கொண்டாள். தான் கட்டின சேலையையே பார்க்காதவன் கடைத் துணியையா பார்க்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு மோரை ஊற்றினாள்.

ஆடிக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். சரஸ்வதியம்மாளோடு அவளும் போகவேண்டி வந்தது. போகாமல் இருக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். "கடைக்கு உன்ன விட்டா ஆள் இல்லியா? அப்பா இருக்காருல்லா. நீ பொறக்கதுக்கு முன்னேயே அவரு துணி கிழிச்சவரு பிள்ளே" என்று அம்மா சொல்லிவிட்டாள். மழையோடு பஸ் ஏறினாள். மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தபோதும் கடையில் இப்போது யார் எந்த நிறத்தோடு நிற்கிறார்களோ என்றுதான் இருந்தது.

அவள் திரும்பி வந்து சில நாட்களில் ராஜபாய் டீச்சர் வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். தமிழ்ச் சர்ச்சின் பாட்டுக்குழுவான கொயரில் முதல் குரல். நனைந்த குடையை வாசலில் விரித்துவைத்துவிட்டு, ஒரு பெரிய துணிப்பையைக் கல்லா மேல் தூக்கி வைத்தாள்.

"தங்கப்பன் அண்ணாச்சி, ஒரு சங்கதி கேக்கணும். கொயருன்னா பாட்டு படிக்கதா, கருப்பட்டி விக்கதா?"

"என்ன டீச்சர், வந்ததும் வராததுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம அரக்குச் சேலை கட்டி, ஒங்க கடையில எடுத்த துணியில சட்டை தச்சுப் போட்டு, எல்லாரும் ஒழுங்கா வரிசையில நின்னோம். ஜன்னல் பக்கமா நல்ல வெயிலு. முன்னால இருந்த ஒரு கெழவி பக்கத்துக்காரிகிட்ட கேக்கா, ‘பிள்ளையளுக்கு கையில எல்லாம் என்ன, கருப்பட்டிப் பாகு கிண்டிட்டு வந்தாவளா?’ன்னு. ரெண்டாவது பாட்டுல எனக்கு சுருதியே நிக்கல்ல."

பையைத் திறந்து ஒரு சேலையையும் ஒரு சட்டையையும் எடுத்து வைத்தாள். தங்கப்பன் பிள்ளை லைட்டின் கீழே இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். கட்டைவிரலால் திருப்பினார்.

"ஒண்ணாத்தான இருக்கு டீச்சர்."

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னிய."

"வெளிச்சத்துல பாத்த துணிக்கு…"

"எந்த வெளிச்சம் அண்ணாச்சி? என்ன வாசலுக்குக் கூட்டிட்டுப் போனியளா? மழை ஊத்துது, நனையாண்டாம், வாசலே இப்ப உள்ள வந்தாச்சுன்னு மேல கையக் காட்டினிய. எம் மருமகன் போட்ட லைட்டுன்னு பெருமை வேற."

பின்னால் இருந்து கிருஷ்ணகுமார் வந்தான். பிச்சைக்கனி கடைக்கு அளவெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவன், கையில் டேப்போடு நின்றான்.

"டீச்சர், லைட்டுல ஒரு குழப்பமும் இல்ல. சித்திரையிலேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் வரல்ல. துவைச்சதுல சாயம் போயிருக்கும்."

"சாயம் போகல்ல மோனே." டீச்சர் பைக்குள் கைவிட்டுத் தையல்காரன் வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை எடுத்தாள். "இது தண்ணியே படாத துண்டு. இதுவும் கருப்பட்டிதான். கணக்கு டீச்சர்கிட்ட இப்பிடி சொல்லாண்டாம்."

தங்கப்பன் பிள்ளை துண்டை வாங்கி, சேலையையும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"டீச்சர், புதுத்துணியும் தையலும் என் பொறுப்பு. எல்லாத்தையும் இங்கன போட்டுட்டுப் போங்க" என்றார். பிறகு மேலே பார்த்தார். "மாப்பிளே, ஏணிய எடுங்க."

"மாமா, ஒரு துணிக்கா?"

"ஏணிய எடுங்கன்னேன்."

"ஒங்க ட்யூப் மட்டும் என்ன சத்தியவானா? அதுலயும் நெறம் மாறும் மாமா. அதனாலதான நீங்களே வாசலுக்கு ஓடுனிய? நான் வேணும்னா புஸ்தகத்துல காட்டுகேன்."

"மாறும். இல்லன்னு யாரு சொன்னா?" தங்கப்பன் பிள்ளையின் குரல் உயரவில்லை. "அது எங்க பொய் சொல்லும், எவ்வளவு சொல்லும்னு எனக்குத் தெரியும். வருஷக்கணக்கா அதுகூட குடித்தனம் பண்ணிருக்கேன். ஒங்க லைட்டு சொல்லுக பொய் எனக்குப் பழக்கமில்ல."

"அப்போ பழகுங்க. இவ்வளவு நாளும் ஒரு தப்பு வரல்லியே. கம்ப்ளெயின்ட் இல்லன்னு நீங்களே சொன்னிய. எனக்கு அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

சரோஜம் ஃபால்ஸ் கட்டைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். அவள் கண் மட்டும் ஒருமுறை திவ்யலட்சுமி மேல் வந்து போனது.

"நான் உள்ள கொண்டுபோய்ப் பாத்தேன்" என்றாள் திவ்யலட்சுமி.

"என்னது?"

"சிவப்பு வரும்போ எல்லாம். உள்ள பழைய ட்யூப்ல. இல்லன்னா ரோட்டுல. அதனாலதான் கம்ப்ளெயின்ட் வரல்ல. நான் நாகர்கோயிலுக்குப் போனப்பதான் வந்திருக்கு."

கிருஷ்ணகுமார் கையில் இருந்த டேப்பின் நாக்கு சுருட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"என்னைக்குலேர்ந்து?"

"லைட் மாட்டினதுலேர்ந்து."

"மாட்டின அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா? அன்னைக்கு எப்பிடி இருக்குன்னு கேட்டேனே."

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"ஏன்?"

டீச்சர் மெல்லத் தன் குடையை எடுத்துக்கொண்டு, "நான் அப்புறமா வாறேன் பிள்ளே" என்று படி இறங்கினாள்.

"ஏன்னு கேக்கியளா? இது சரியில்லன்னு ஆச்சுன்னா நீங்க பிச்சுமணிக்கு சரின்னு சொல்லிருவிய. அதான்."

"அதுக்கு இப்பிடியா? சாலை முழுக்க நடந்து, ஒரு பிராதும் இல்ல, ஒரு பிராதும் இல்லன்னு சொல்லிட்டிருக்கேன். என்ன ஒரு கள்ளனாக்கி விட்டிருக்க. அன்னைக்கே சொல்லியிருந்தா கம்பெனிக்கு எழுதி வேற ரகம் கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பிய. நல்லா பாரு, சரியாத்தான் இருக்குன்னு என்கிட்ட தர்க்கம் பண்ணியிருப்பிய." இத்தனை நாள் நடந்த நடையெல்லாம் அவளுக்குக் காலில் இருந்து தலைக்கு ஏறியது. "எனக்குத் தெரியது ஒங்களுக்கு ஏன் தெரியல்ல? கடைக்குள்ள வாறிய, போறிய. ஒரு சுவரு முழுக்க செத்துக் கெடக்கு. கண்ணு இருக்குதா இல்லியா?"

அவன் டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடை எடுக்காமல் தெருவில் இறங்கிப் போனான்.

பிச்சைக்கனி அண்ணாச்சி கடை நாலு கடை தள்ளி. டீச்சரின் குரல் அவன் காலுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க மருமகனே. நீங்க வரமாட்டிய, நானே ஆள் விடணும்னு நெனச்சேன்."

"அண்ணாச்சி, நான் உள்ளதச் சொல்லிருகேன். சிவப்பு நெறத்துக்கு இந்த ரகம் சரியில்லன்னு இப்பதான் தெரியுது. ஆனா ஒங்களுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல. குடமும் சருவமும் விக்கிய. எவரும் குடத்த வாசல்ல கொண்டுபோய் நெறம் பாக்கப்போறதில்ல."

"வாஸ்தவம். எவர்சில்வருக்கு ஏது நெறம்?"

"அப்போ மாட்டிரலாம்லா?"

பிச்சைக்கனி ஒரு ரசவடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "சொந்த மாமனாரு கழட்டிப் போட்ட லைட்ட பிச்சைக்கனி மாட்டிட்டாம்னு நாளைக்கு சாலையில சிரிப்பாவ. வெளிச்சம் எனக்கு ஒத்துக்கிடும் மருமகனே. சிரிப்பு ஒத்துக்கிடாது. வடை சாப்பிடுதியளா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"சூடா இருக்கு."

"வேண்டாம்."

அன்று வீட்டில் சரஸ்வதியம்மாள் மட்டும், "தீயல் கூட்டுங்க மாப்பிளே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கிருஷ்ணகுமார் கைகழுவும்போது யாரிடமும் இல்லாமல், "பிச்சுமணிக்கு நாளைக்கு போன் பண்ணணும்" என்றான். திவ்யலட்சுமி அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், தேவைக்கு மேல் நேரம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கடை திறந்ததும் அவனே ஏணியைப் போட்டான். ஒவ்வொரு லைட்டாக இறக்கினான். ஒவ்வொரு வயரிலும் டெஸ்டரை வைத்தான். மூலையில் கிடந்த ட்யூப்களைத் தங்கப்பன் பிள்ளை பழைய துணியால் துடைத்துக் கொடுத்தார். கல்லாவுக்கு மேல் மாட்டினது எரியவில்லை. ஸ்டார்ட்டரைத் திருகினான். இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுபடி திருகினான். சோக் மட்டும் வண்டுபோல இரைந்தது.

"பாத்தியளா மாமா. இதுக்குத்தான் இவ்வளவு பாடும்."

"அது கொஞ்சம் சமயம் எடுக்கும்."

"எடுக்கட்டும். எனக்கு என்ன."

ஏணியில் இருந்து இறங்கி அதன் மேலேயே சாய்ந்து நின்றான். கடைக்குள் புது லைட்டும் இல்லை, பழைய லைட்டும் இல்லை. ஆனால் அன்றைக்கு மழை விட்டிருந்தது. வாசல் வழியாக வெயில் படியேறி வந்து, டீச்சரின் பையில் இருந்து எடுத்துப் போட்டிருந்த சேலை மேல் விழுந்தது.

திவ்யலட்சுமி சேலையையும் சட்டைத் துண்டையும் எடுத்துக்கொண்டாள். "கொஞ்சம் வாசலுக்கு வாங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"ஒரு தடவையாவது வாங்க. போன் பண்ணுகதுக்கு முன்னால ஒங்க கண்ணால பாத்துட்டுப் பண்ணுங்க."

அவன் வந்தான். படியில் நின்று அவள் இரண்டையும் வெயிலில் விரித்தாள். அரக்குச் சேலை தீப்பிடித்ததுபோல நின்றது. அதன் மேல் அந்தத் துண்டு, ஆறிப்போன காப்பி.

"தெரியுதா?"

அவன் பார்த்தான். சேலையின் நுனியைத் தூக்கினான். துண்டைத் திருப்பினான். அவள் அப்பா செய்வதுபோலக் கட்டைவிரலால் தடவினான்.

"என்ன தெரியணும்?"

"விளையாடாதீங்க அத்தான்."

"விளையாடல்ல."

"ரெண்டும் வேற வேறயில்லா? இது சிவப்பு, அது காப்பி."

"திவ்யா, அம்மாணை சொல்லுகேன். ரெண்டும் ஒண்ணுதான்." அவன் குரலில் வீம்பு இல்லை. களைப்பு இருந்தது. "கொஞ்சம் வெளுத்தது, கொஞ்சம் கறுத்தது. வேற ஒண்ணும் இல்ல. நீயும் மாமாவும் டீச்சரும் சேர்ந்து இல்லாத ஒண்ண பாத்துட்டு என்ன ஓட்டுகியளோன்னுதான் நேத்து முழுக்க நெனச்சேன்."

அவளுக்கு மறுபடியும் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வாய் திறக்கப் போனவள், அவன் சட்டைப் பையில் செருகியிருந்த டெஸ்டரைப் பார்த்தாள். வயரின் நிறத்தை நம்பாமல் அவன் எப்போதும் அதைத்தான் வைப்பான்.

"இங்கயே நில்லுங்க" என்று உள்ளே ஓடினாள். இடது சுவரில் இருந்தும் வலது சுவரில் இருந்தும் கைக்கு வந்த துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். படியில் பரப்பினாள்.

"இந்தச் சேலைக்கு மேட்சா ஒண்ணு எடுத்துத் தாங்க."

"இப்ப எதுக்கு இது?"

"எடுங்க."

அவன் குனிந்து உட்கார்ந்தான். சேலையைப் பார்த்தான், துண்டுகளைப் பார்த்தான். பரீட்சைக்கு உட்கார்ந்தவன்போல நேரம் எடுத்துக்கொண்டான். கடைசியில் ஒன்றைத் தேர்ந்து அவளிடம் நீட்டினான். அது கரும்பச்சை.

கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கப்பன் பிள்ளை சட்டென்று திரும்பி, மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினார்.

திவ்யலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். பூக்காரி அவர்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"பாலிடெக்னிக்ல படிக்கும்போ, ரெஸிஸ்டர்ல கலர் கலரா கோடு போட்டிருக்கும்னு சொல்லுவியல்லா. அத எப்பிடி வாசிப்பிய?"

"நான் வாசிச்சதே இல்ல. மீட்டர வச்சு அளந்துருவேன். எதுக்கு ரிஸ்க்குன்னு." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். தன் கையில் இருந்த கரும்பச்சைத் துண்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "நான் எடுத்தது என்ன நெறம்?"

அவள் சொன்னாள்.

அவன் தெரியாமல் பெஞ்சு மாறி உட்கார்ந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன்போல ஒரு முகம் வைத்திருந்தான். தெருவில் வாழைக்குலை ஏற்றிய வண்டி ஒன்று போக வழி கேட்டு மணி அடித்தது.

"நம்ம கல்யாணச் சேலை காப்பிக் கலர் இல்ல, அப்பிடித்தான?" என்றான்.

"அது இப்ப எதுக்கு?"

"சொல்லு."

"அரக்கு. இந்தா, இதே நெறம்."

டீச்சரின் சேலையை அவன் மறுபடியும் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தான். அதில் இல்லாத எதையோ தேடுகிறவன்போல இப்படியும் அப்படியும் சாய்த்தான். ஏழு வருஷமாக அவள் மனதில் வைத்திருந்த ஒரு குறை, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மடியில் கிடந்தது. அதை இனிமேல் யார் மேல் சொல்லுவது?

"கண்ணு இருக்குதா இல்லியான்னு கேட்டேன்" என்றாள்.

"கேட்ட. பாதிதான் இருக்கு போல." சிரிக்கப் பார்த்தான். சரியாக வரவில்லை. "நல்லா இருந்துச்சு, நான் ஊருக்கெல்லாம் வெளிச்சம் விக்கப் போனது."

"லைட்டு சரியில்லாதது ஒங்க கண்ணால இல்ல. அது தனி."

"தெரியும். கம்பெனிக்கு எழுதணும். சிவப்பு செத்துப்போகுதுன்னு எழுதணும். வேற ரகம் வரும், எனக்கு ஒறப்பா தெரியும், இந்த ட்யூபெல்லாம் ஒருநாள் போகத்தான் போகுது. ஆனா வந்தா அத யாரு பாத்து சொல்லுவா? என்னால ஆகாதே."

"நான் பாக்கேன்."

"பாப்பியா? நல்லா இருக்குன்னு பொய் சொல்லாம?"

"சொல்லமாட்டேன். ஆனா மஸ்கட்டுல மாட்டின லைட்ட இங்க இருந்து என்னால பாக்க முடியாது."

அவன் அவளைப் பார்த்தான். பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே வெயில் மங்கியது. பின்னால் கடைக்குள், கல்லாவுக்கு மேலே, ட்யூப் லைட் ஒருவழியாக எரியத் தொடங்கியது. "மக்ளே, ஆள் நிக்குது" என்று தங்கப்பன் பிள்ளையின் குரல் வந்தது.

கரமனையில் இருந்து ஒரு அம்மாள். மாதுளை நிறத்தில் ஒரு கைத்தறி. திவ்யலட்சுமி எழுந்து போய்த் துணி எடுத்தாள். லைட்டின் கீழே பிடித்தாள். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு எல்லார் கண்ணுக்கும் தெரிய வாசலுக்கு வந்தாள். அவள் படியில் கால் வைக்கவும் மழை பிடித்துக்கொண்டது.

கிருஷ்ணகுமார் உள்ளே போய், போனைத் தொடாமல் குடையை எடுத்து வந்து பிடித்தான். அவள் கையை நீட்டித் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும் பக்கமெல்லாம் குடையும் போனது. துணி நனையவில்லை. அவள் பாதி நனைந்தாள்.

"குடைய ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா?"

"துணியத்தான பாக்கணும்?"

"ஆமா. பிடிச்ச மாதிரி பிடிங்க, மாறாதீங்க." அவள் அந்த அம்மாளின் பக்கம் திரும்பினாள். முகத்தில் விழுந்த மழையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அப்பா சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"நல்லா பாத்துக்கிடுங்கம்மா. வெளிச்சத்துல பாத்ததுக்கு இனி மாத்தம் கெடையாது."